காது வரையாத முகம்

என் மனைவியின் நாற்பதாம் நாள் கத்தத்துக்குப் பள்ளிவாசலிலிருந்து ஜுஸுப் பெட்டியை நானேதான் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். குர்ஆனை முப்பது பாகமாகப் பிரித்து, ஜுஸு என்கிற ஒவ்வொரு பாகத்தையும் தனிப் புத்தகமாகக் கட்டி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். எங்கள் ஜமாஅத்தில் யார் வீட்டில் மௌத்து ஆனாலும் அந்தப் பெட்டி அந்த வீட்டுக்குப் போகும். கூடியிருப்பவர்கள் ஆளுக்கொரு பாகம் எடுத்து ஓதினால் ஒரே அமர்வில் முழுக் குர்ஆனும் ஓதி முடிந்துவிடும். அதுதான் கத்தம். அந்த நன்மையை இறந்தவருக்குச் சேர்த்துவிடு ரப்பே என்று துஆ கேட்போம். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்கிறவர்கள் எங்கள் சந்திலேயே இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட எனக்குப் படிப்பு போதாது. என் வாப்பாவுக்குச் செய்தேன், உம்மாவுக்குச் செய்தேன், அவளுக்கும் செய்தேன்.

இப்போது அந்தப் பெட்டி யார் வீட்டு வாசலில் இறங்கினாலும் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது. அது ஏன் என்று சொல்வதென்றால் என் மகளிலிருந்து தொடங்க வேண்டும்.

அல்லாஹ் எங்களுக்குக் கொடுத்தது ஒரே பிள்ளை. பேச்சு வந்துகொண்டிருந்த வயதில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் திரும்பியது, காது திரும்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். அது அவளுக்குத் தலைவலியைத் தவிர வேறொன்றும் தரவில்லை. வந்திருந்த நாலைந்து சொற்களும் ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போயின. கடைசியாகப் போனது ‘உம்மா’ என்ற சொல்.

மாதுங்காப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே கை பாஷையும் ஹிந்தி எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். நான் தாராவியில் தோல் பை தைக்கிற கார்கானாவில் வேலை செய்கிறவன். எனக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து. ஹிந்தியில் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். அதனால் என் மகள் எழுதிக் காட்டினால் எனக்குப் புரியாது, நான் எழுதிக் காட்டினால் அவளுக்குப் புரியாது. எங்கள் இருவருக்கும் பொதுவாக அமைந்த எழுத்து குர்ஆன் எழுத்து மட்டும்தான். அதில் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்க முடியாதே.

குர்ஆன் எழுத்து அவளுக்கு எப்படி வந்தது என்பதும் ஒரு கதைதான்.

எங்கள் பள்ளிவாசல் மாடியில், அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மதரஸா நடக்கும். ஓதிக் கொடுக்கும் ஹஸ்ரத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. மற்ற பிள்ளைகளோடு இவளும் உட்காரட்டும் என்று என் மனைவி கேட்டபோது அவர் மறுக்கவில்லை. முன்வரிசையில் இடம் கொடுத்தார். ஆனால் எங்கள் மதரஸாவில் பாடம் நடக்கும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹஸ்ரத் ஒரு வரி சொல்வார், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து உரக்கத் திருப்பிச் சொல்லும். அலிஃப் பே தே சந்து முனை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் யார் சொல்கிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று வானவர்களான மலக்குகள்தான் பிரித்தறிய முடியும். என் மகள் பக்கத்துப் பிள்ளையின் விரல் போகும் இடத்தில் தன் விரலை வைத்தாள். ஹஸ்ரத்தின் வாய் அசைந்த மாதிரி தன் வாயை அசைத்தாள். பக்கம் தள்ளும்போது தள்ளினாள். அவளோடு சேர்ந்தவர்கள் பாலபாடக் கிதாபை முடித்துக் குர்ஆனுக்கு மாறியபோது அவளும் மாறிவிட்டாள்.

ஒரு பிள்ளை முதன்முதலாகக் குர்ஆன் எடுக்கும் நாள் எங்களில் சிறு பெருநாள் மாதிரி. தாய்வீட்டிலிருந்து புதுத்துணி வரும். என் மனைவியின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், கல்யாணிலிருந்து பச்சைப் பட்டுப் பாவாடையும் ஒரு டப்பா லட்டும் கொண்டுவந்தார். மதரஸாப் பிள்ளைகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தோம். ஹஸ்ரத் தலையில் கை வைத்து ஓதினார். ‘அல்லாஹ்வுடைய குத்ரத்தைப் பார்த்தியளா’ என்று மதினி அழுதே விட்டார்.

அன்று மாலை வீட்டில் எல்லோரும் போன பிறகு என் மனைவி மகளை எதிரே உட்கார வைத்து, முதல் பக்கத்தைத் திறந்து, ஓது என்று கை காட்டினாள். பிள்ளை உற்சாகமாக வாயைத் திறந்து அசைத்தாள். உதடு குவிந்தது, விரிந்தது, நாக்கு பல்லில் பட்டது. சத்தம் மட்டும் இல்லை. மூச்சுக் காற்றுகூட வரவில்லை. ஓதுவது என்றால் அவ்வளவுதான் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் கண்ணால் பார்த்த ஓதல் அதுதானே.

என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். மறுநாள் பள்ளிவாசலுக்குப் போய் ஹஸ்ரத்திடம் ஒரு பொருளைக் கேட்டு வாங்கி வந்தாள்.

அது மதரஸாச் சுவரில் தொங்கிய ஒரு பழைய படம். அரபு எழுத்துகள் வாயில் எங்கெங்கே பிறக்கின்றன என்று காட்டுவது. தலையைப் பக்கவாட்டில் பாதியாக வெட்டினாற்போல் வரைந்திருக்கும். உதடு, பல், நாக்கு, அண்ணம், தொண்டை. அந்தந்த இடத்தில் அந்தந்த எழுத்து. ஓரத்தில் தமிழில் விளக்கம். மதரஸாப் பிள்ளைகள் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாமல் போன பிறகு, ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் போட்ட கலர் படங்களும் புதுக் கிதாபுகளும் வந்திறங்கின. பழைய படத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேல் போட்டிருந்தார்கள். ஈரம் பட்டு மூலையெல்லாம் இற்றுப்போயிருந்தது. நான் கார்கானாவிலிருந்து ஒரு துண்டு ரெக்ஸின் கொண்டுவந்து, தோல் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி, அதைப் பின்னால் ஒட்டிக் கொடுத்தேன்.

அந்த முகத்துக்குக் கண் கிடையாது, காது கிடையாது. முழு முகம் வரைந்தால் உருவப்படம் ஆகிவிடுமோ என்ற பேணுதலில் வரைந்தவர் விட்டிருக்கிறார். பேணுதல் என்றால், தப்பு வந்துவிடக் கூடாதே என்று எல்லைக்கு ஓரடி இப்பாலேயே நின்றுகொள்வது. எங்களில் நல்ல மனிதர்களுக்கு அது அதிகமாகவே இருக்கும்.

படத்தைச் சுவரில் மாட்டியதும் என் மகள் கிட்டே போனாள். காது இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தாள். பிறகு தன் காதைத் தொட்டாள். எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இதுவும் என்னைப் போலத்தான் என்று கையால் சொன்னாள். காது இல்லாத ஒரு முகம் வாய் நிறைய எழுத்தோடு இருக்கிறது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று முதல் ஓதிக் கொடுப்பது வீட்டில்தான். எங்கள் வீடு கீழே ஓர் அறை, இரும்பு ஏணி வழியாக ஏறினால் மேலே பலகை போட்ட ஒரு மாடி. அந்தப் பலகையில் தாயும் மகளும் முட்டிக்கு முட்டி இடித்து உட்காருவார்கள். என் மனைவி ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். படத்தில் ஒரு எழுத்தைத் தொடுவாள். மகளின் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தைச் சொல்வாள். பிறகு அதே கையை மகளின் தொண்டையில் வைப்பாள். மீமுக்கும் நூனுக்கும் மூக்கோரத்தில் விரல். பே எழுத்துக்கு உதட்டுக்கு முன்னால் ஒரு நூல் பிடிப்பாள். காற்றுப் பட்டு நூல் ஆட வேண்டும். ஐன் வருவதற்கு ஒரு மழைக்காலமே பிடித்தது. தொண்டையின் நடுவிலிருந்து வர வேண்டிய எழுத்து அது. காது கேட்கிற எனக்கே சரியாக வராது.

பிள்ளையின் குரல் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவள் தன் குரலைக் கேட்டதே இல்லை. திடீரென்று உயரும், திடீரென்று அடியில் போய் உறுமும். பக்ரீத் நெருங்கிய ஒரு சமயம் அடுத்த வீட்டுப் பெண் ஏணியடியில் வந்து நின்று, “என்ன, இப்பமே ஆடு வாங்கிக் கட்டியாச்சா?” என்று கேட்டாள்.

மேலேயிருந்து என் மனைவி சொன்னாள். “ஆமா மைனி, ஓதுற ஆடு. உங்க வீட்ல வாய் பேசுறது மூணு கெடக்கே, அதுகளயும் அனுப்புங்க. சேந்து ஓதட்டும்.”

அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

என் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை தப்பாக ஓதினால் தப்பு என்று சொல்ல மாட்டாள். தலையாட்ட மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள். அந்த வரியை மறுபடியும் தொடக்கத்திலிருந்து தான் ஒருமுறை ஓதிக் காட்டுவாள். மகள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் திரும்ப ஓதுவாள். சரியாக இருந்தால் அடுத்த வரிக்குப் போவாள். இல்லையென்றால் மறுபடியும் அதே வரி. உம்மா திரும்ப ஓதினால் நான் ஓதியது சேரவில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். வேறு வார்த்தை தேவைப்படவில்லை.

இப்படியே வருடங்கள் போயின. பள்ளிக்கூடம் முடிந்து, வீட்டிலிருந்தே பைகளுக்கு ஜிப் ஒட்டும் வேலையை அவள் எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள். ஓதல் மட்டும் நிற்கவில்லை. தினமும் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு ‘தபாரக்’ சூரா, குர்ஆனில் ஓர் அத்தியாயம், ஓதுவது எங்கள் வீட்டு வழக்கம். கபருக்குள், அடக்கிய மண்ணுக்குள், வரும் வேதனையிலிருந்து காக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வந்த சூரா அது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்து ஓதுவார்கள். அந்த சூரா இருக்கிற ஜுஸு முழுவதையும் என் மகள் தடங்கல் இல்லாமல் ஓதினாள். தடங்கல் இல்லாமல் என்று என் மனைவி சொன்னாள். எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது.

பிறகு என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். செம்பூரில் ஒரு டாக்டர், அவர் சொல்லி இன்னொரு டாக்டர், அப்புறம் யாரும் நம்பிக்கையாகப் பேசவில்லை. உடம்பு கரைந்து, குரலும் கரைந்தது. கடைசி வாரங்களில் தபாரக் ஓதும்போது உதடு மட்டும்தான் அசையும். மகள் வழக்கம்போல் உம்மாவின் தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். கையில் ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் திரும்பி, உம்மா இப்போது நான் முதலில் ஓதிய மாதிரி ஓதுகிறாள் என்று கைகளால் சொன்னாள். நான் கீழே இறங்கிப் போய்ச் சந்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஒருநாள் என் மனைவி என்னைக் கிட்டே வரச்சொன்னாள். பேச்சு காற்றாகத்தான் வந்தது.

“எனக்குக் கத்தம் ஓதுவியள்லா.”

இப்போது என்ன அந்தப் பேச்சு என்றேன்.

“ஓதுவிய, எனக்குத் தெரியும். யார் வேணாலும் ஓதட்டும். தபாரக் ஜுஸு மட்டும் எம் மகள் ஓதணும். அத யாருக்கும் குடுத்துராதிய.”

அந்த வார்த்தையை மகளுக்கும் அவளே சொன்னாள். தன் நெஞ்சைத் தொட்டு, மகளின் தொண்டையைத் தொட்டு, பிறகு தரையைக் காட்டினாள். அந்தத் தரை எது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

நாற்பதாம் நாள் ஆண்கள் பள்ளிவாசலில் யாசீன் ஓதினார்கள். கத்தம் பெண்களுடையது, எங்கள் வீட்டில். கீழ் அறையிலும் மேலே பலகை மாடியிலுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியை நடுவில் வைத்ததும் என் மகள்தான் முதலில் கையை விட்டாள். புத்தக முதுகில் போட்டிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து, தபாரக் ஜுஸுவை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். மதினியும் ஒன்று எடுத்து அவளுக்கு எதிரே சுவரோரம் உட்கார்ந்தார். நான் அடுக்களை மறைப்புக்குப் பக்கத்தில் நின்று டீயும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நெருங்கிய சொந்தம்தான், என்னிடம் யாருக்கும் கூச்சம் இல்லை.

ஓதல் தொடங்கியது. தேனீக் கூட்டம் மாதிரி ஒரு முணுமுணுப்பு. அதற்கு நடுவில் என் மகளின் குரல் எழுந்தது. இடது கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, வலது விரலை வரியில் ஓட்டிக்கொண்டு ஓதினாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் ஓதியது அதுதான் முதல் தடவை. கல்யாணிலிருந்தும் பாண்டுப்பிலிருந்தும் வந்தவர்களுக்கு அந்தக் குரல் பழக்கமில்லை. ஓரிருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை பயந்து தாய் மடியில் முகத்தைப் புதைத்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. உம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் பாகத்தை ஓதி முடித்தார். மூடி முத்தமிட்டு, பெட்டியில் வைத்தார். பிறகு என் மகளையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் எழுந்து, அலமாரியிலிருந்த எங்கள் வீட்டுப் பெரிய குர்ஆனை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்து, கடைசிப் பக்கமாகப் புரட்டி ஓத ஆரம்பித்தார். மெதுவாகத்தான் ஓதினார். நான் டீத் தட்டோடு பக்கத்தில் போனபோதுதான் என் காதில் விழுந்தது. தபாரக்.

ஓதுகிறவரை நான் நிறுத்தவில்லை. யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றுதான் நினைத்தேன். காதால் தெரிந்துகொள்ள என் மகளுக்கு வழியில்லையே.

ஆனால் அவள் ஒரு பக்கம் முடிந்து தள்ளும்போது தலையைத் தூக்கினாள். எதிரே பெரியம்மாவின் வாய். அந்த சூரா ஒரு வாயில் எப்படி நடக்கும் என்று வருடக்கணக்காகப் பார்த்த பிள்ளை. எந்த இடத்தில் உதடு சேரும், எந்த இடத்தில் நாக்கு நுனி தெரியும் என்று மனப்பாடம். அவள் விரல் வரியில் நின்றுவிட்டது. மதினியின் வாயையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மதினி குனிந்திருந்தார், கவனிக்கவில்லை. பிறகு என் மகள் தொண்டையிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்தாள். மீதிப் பக்கங்களை வாய் மூடியபடி, விரலை மட்டும் ஓட்டி முடித்தாள். அறையிலிருந்து அந்தக் குரல் போனதை எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. சிலருக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

துஆ நடந்தது. நெய்ச்சோறும் தாளிச்சாவும் பரிமாறினோம். எல்லோரும் போன பிறகு மதினி மட்டும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், தபாரக் ஓதினீர்களே என்று.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, தப்பா நெனைச்சிராதிய. பிள்ள ஓதுறது எழுத்து எழுத்தா வருதா வரலயான்னு எனக்கு வெளங்கல. ஒருவேள வராமப் போயிருந்தா? என் தங்கச்சிக்கு ஒரு ஜுஸு கொறஞ்சு போயிரும்லா. பேணுதலுக்குத்தான் ஓதுனேன்.”

“அவ ஓதணும்னுதான் மதினி உங்க தங்கச்சி கேட்டது.”

“ஓதட்டும். அவளும்தான் ஓதுனாள்லா. நான் யாருக்கும் தெரியாமத்தான ஓதுனேன்.” சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார். தங்கையின் மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி போட்ட கை அவருடையது. அவர் செய்ததில் துளிகூட வன்மம் இல்லை. வேறொருவர் வன்மத்தோடு செய்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஹஸ்ரத்திடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். அந்தப் பிள்ளை ஓதியது ஓதல்தான், அதில் சந்தேகமே வேண்டாம் என்றார். திக்கித் திணறிக் கஷ்டப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு நன்மை என்று ரசூலுல்லாஹ் சொல்லியிருப்பதை, நான் எத்தனையோ பயானில் கேட்டதை, மறுபடியும் எடுத்துச் சொன்னார். மதினி ஓதியதும் வீணில்லை, இரண்டும் போய்ச் சேரும் என்றார்.

“இத நான் பிள்ளைக்கு எப்படிச் சொல்ல ஹஸ்ரத்து?”

அவர் பெட்டியை அலமாரிக்குள் தள்ளி வைத்தார். “சொல்லிப் பாருங்க” என்றார்.

சொல்லிப் பார்த்தேன். நன்மை என்பதற்குக் கை பாஷையில் என்ன என்று எனக்குத் தெரியாது. ‘நல்லது’ என்று காட்டினேன். கஷ்டப்பட்டு ஓதினால் ஒரு நல்லது அல்ல, இரண்டு நல்லது என்று விரலை மடக்கிக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. அவள் புத்திசாலி. திருப்பிக் கேட்டாள்: இரண்டு நல்லது உள்ள ஓதலைப் பெரியம்மா ஏன் திரும்ப ஓதினாள்?

பெரியம்மாவுக்கு உம்மா மேல் ரொம்பப் பிரியம் என்றேன். எனக்குத் தெரிந்த கை பாஷையில் அதற்கு மேல் போக முடியவில்லை.

அவள் சற்று நேரம் ஜிப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பசையை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பெரியம்மாவின் வாய் உம்மாவின் வாய் மாதிரியே இருந்தது என்றாள். ஒரே உதடு, ஒரே பல். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உம்மாவே எதிரில் வந்து உட்கார்ந்து ஓதுகிற மாதிரி. அப்புறம் பார்த்தேன், நான் ஓதி முடித்த இடத்தை ஆரம்பத்திலிருந்து ஓதுகிறாள். உம்மா அப்படித்தானே செய்வாள். அப்போ நான் ஓதியது சேரவில்லை.

இல்லை என்று நான் தலையாட்டினேன். இல்லை, இல்லை என்று கையை ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி என் முழங்கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அடுத்த தடவை மதினி கல்யாணிலிருந்து வந்தபோது நான் அவரிடம் இதை மறைக்கவில்லை. கேட்டதும் அவர் ஏணியில் ஏறிப்போய் மகளின் எதிரே முட்டி இடிக்க உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, நீ ஓது, நான் கேட்கிறேன் என்று வாயை அகல அகலத் திறந்து சொன்னார். மகள் சிரித்தாள். பெரியம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். கையை மட்டும் மெதுவாக எடுத்துக்கொண்டாள். மதினி கீழே இறங்கி வந்தபோது ஏணிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். “நான் அவளுக்குக் கொறையக் கூடாதுன்னு பார்த்தேன் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

போன மாதம் எங்கள் சந்தில் ஒரு மௌத்து. ஜுஸுப் பெட்டி வந்தது. என் மகளும் போயிருந்தாள். ஆடு வாங்கியாச்சா என்று கேட்டாளே, அந்தப் பெண்தான் வந்து என்னிடம் சொன்னாள்: பெட்டி கைமாறி வந்தபோது உங்கள் பிள்ளை எதையும் எடுக்காமல் அப்படியே எனக்குத் தள்ளிவிட்டாள், நான் எவ்வளவோ ஜாடை காட்டியும் எடுக்கவில்லை என்று. ‘அவ ஓதுற சத்தம் இல்லாம ஏணிப்பக்கம் வெறிச்சுனு கெடக்கு’ என்று அவளே சொன்னாள்.

அவள் ஓதுவதை விட்டுவிடவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். விடியற்காலை நான் சுபுஹு தொழுதுவிட்டு வரும்போது மேலிருந்து மெல்லிசாகக் கேட்கும். யாரும் இல்லை என்று அவள் நினைக்கிற நேரம் அது. நான் உள்ளே கால் வைத்து ஏணியைத் தொட்டால் போதும், பலகை அதிரும், காதுக்குத் தெரியாதது அவள் காலுக்குத் தெரிந்துவிடும், நிறுத்திவிடுவாள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை அப்படி ஆகிவிட்டது. அதனால் இப்போது வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொள்கிறேன். பால்காரன் ஒதுங்கிப் போகிறான். தெரிந்தவர்கள், என்ன பாய், சாவி இல்லையா என்று ஹிந்தியில் கேட்கிறார்கள்.

நேற்று ஓர் இடத்தில் அவள் தடங்கினாள். அந்த வரியைத் தொடக்கத்திலிருந்து மறுபடி எடுத்தாள். முடித்துவிட்டு மறுபடியும் எடுத்தாள். சரியாக வந்துவிட்டது என்று சொல்ல எதிரில் வாய் இல்லை. சுவரில் அந்தப் படம் மட்டும்தான், கண்ணும் காதும் இல்லாமல். எனக்குச் சரி தப்பு தெரியாது; என் காதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒன்றுபோலத்தான் இருந்தது. மறுபடியும் அதே வரி. நான் செருப்போடு வாசலில் நின்று, ரப்பே, நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய், அவளை அடுத்த வரிக்குப் போகச் சொல் என்று கேட்டேன்.